பூஜ்யம் கிலோ

முப்பத்தெட்டு ஜிபி. ஒரே கோப்பு.
பதினோரு வருஷத்துப் பச்சைத்தேயிலை எடை
வாய் கட்டாத ஒரே மூட்டையாக வந்து இறங்கியது.
என் மடிக்கணினிக்கு நினைவகம் எட்டு.
அதில் மூன்றை பிரவுசரே தின்றுவிடும்.

"வருஷத்துக்கு ஒண்ணா உடைச்சுக் குடுங்க மேடம்.
பத்து லட்சம் வரிக்கு மேல போனா
ஆடிட்டர் மெஷின் படுத்துக்கும்"
என்றார் செயலாளர் நஞ்சுண்டன்.
கோத்தகிரி கூட்டுறவு ஆலை, மாடி அறை.
ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட் திடல் இருந்தது.
மஞ்சு வந்தது, இல்லை.

முதலில் செய்ததைச் சொல்ல வெட்கம்.
எல்லா வரியையும் லிஸ்ட்டில் போடு என்றேன்.
நாலு நிமிஷம் விசிறி கத்தியது,
பிறகு ஸ்காலா சொன்னது: இடமில்லை.
ஆறு ஸ்வெட்டர் போட்டவள் ஏழாவதுக்குக் கை நுழைப்பதுபோல்
நானும்தான் முயன்றிருக்கிறேன்.

இரண்டாம் தடவை இட்டரேட்டர்.
ஒரு வரி வரும், பார்ப்பேன், எழுதுவேன், போகும்.
போனது போனதுதான்.
மொத்தம் எத்தனை என்று ஆசைக்கு எண்ணிப் பார்த்தேன்;
எண்ணி முடித்தபோது கையில் வெறும் சாக்கு.
மறுபடி கோப்பைத் திற, முதல் வரியிலிருந்து.

பழைய எழுத்துருவில் எவரோ தட்டிய பெயர்கள்,
ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்தில் கெட்ட பைட் ஒன்று,
அங்கேயே விழுந்தது நிரல்.
கெட்டது வந்தால் சாகாதே,
கேள்விக்குறி போட்டுவிட்டு நட என்று கற்பித்தேன்.

தராசுக்கும் நிதானம் கிடையாது.
மூட்டையை வைத்ததும் எண் நின்று தொலையும்வரை
அறுபது வரி எழுதுகிறது:
பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது புள்ளி நாலு.
கடைசி ஆட்டம் மட்டும் போதும் எனக்கு.
அதற்கு முந்தைய ஒரு வரியைக் கையில் வைத்திருந்தால் சரி.
அறுபது கோடி வரிக்கு ஞாபகம் ஒரே ஒரு வரி.
இப்படி இருக்க முடிந்தால்
என் மைக்ரேனுக்கு மருந்தே வேண்டாம்.

பூஜ்யங்களைத் தள்ளு என்பது கடைசி விதி.
காலித் தராசு நாள் முழுக்கப் பூஜ்யம் உளறும்.

தள்ளுவதில் லட்சத்துக்கு ஒன்றைத்
திரையில் காட்டு என்று சும்மா வைத்திருந்தேன்.
உறுப்பினர் எண் இல்லாத பூஜ்யங்கள் ஓடின.
பிறகு, 2187. பூஜ்யம் கிலோ.
காலித் தராசுக்கு எண் தெரியாதே.

நிரலை நிறுத்தினேன். அவளை மட்டும் தேடினேன்.
மா?தி?ம்மாள்.
ஜூன் நாலிலிருந்து ஆகஸ்ட் முப்பதுவரை
தினம் காலை ஏழு ஐம்பத்தைந்து,
ஆட்டம் இல்லாமல், ஒரே வரி, பூஜ்யம்.
விரல் தட்டிய வரி அது.
செப்டம்பரில் பதினொன்று புள்ளி ஆறு கிலோ.
ஏன் என்பது கோப்பில் இல்லை.

எடை கிளார்க் ஆல்துரை கீழே
இலைச்சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.
கேட்டேன். உதறுவதை நிறுத்தவில்லை.
"மூணு மாசம் வரவு இல்லேன்னா
பேரை எடுத்துருவாங்க மேடம்."
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.
எனக்கு ஒரு டீ மட்டும் சொல்லிவிட்டார்.

தள்ளினால் பேர் போகும்.
வைத்தால், ஆடிட்டர் கண்ணில் பட்டால், ஆல்துரை.
விதி எழுதும் இடத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.
நடுவில் கரண்ட் போனது, யூபிஎஸ் கூவியது,
நான் குளிர்ந்த டீயைக் குடித்தேன்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
எண் இருந்தால், எடை எதுவானாலும், வரி நிற்கட்டும்.

இரவு பதினொன்று இருபதுக்கு முடிந்தது.
பதினோரு கோப்பு, ஒவ்வொன்றையும் மூடினேனா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.
உச்சத்தில் பிடித்த நினைவகம் இருநூற்றுப் பதினாலு எம்பி.

நிரலுக்கு இப்போது ஒரு வரியும் ஞாபகமில்லை.
நான்தான் ஏழு ஐம்பத்தைந்துக்கு எழுந்துவிடுகிறேன்.